ரெண்டாம் கேசட்டு, பி பக்கம், மூணாவது பாட்டு

உக்காருங்கண்ணே, பரவாயில்ல உக்காருங்க. சன்னலோரம், நல்லா காத்து வரும். என்ன பாக்குறீங்க? ஏட்டையா என் கையோட கையக் கோத்துக்கிட்டு உக்காந்திருக்காரேன்னா? காதலெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மாச் சும்மா வெலங்கு மாட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாய்ங்களாம், அதனால வெரலோட வெரலக் கோத்துக்கிறது. இன்னைக்கு எனக்குச் சிவகங்கை கோர்ட்டுல வாய்தா. முடிஞ்சிருச்சு, திரும்ப மதுரை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறாரு. பயப்படாதீங்கண்ணே. களவு, கஞ்சா, பொம்பளக் கேசு எதுவும் எங்கிட்ட கெடையாது. நான் ஒரு பாட்டுக்காக உள்ள இருக்கேன்.

சிரிக்காதீங்க. சிரிச்ச ஒருத்தன நான் ஜாமீன்ல வந்தப்ப அடிச்சேன், அதுக்குத்தான் ஜாமீனையே ரத்து பண்ணிட்டாய்ங்க. உங்களச் சொல்லல, பொதுவாச் சொன்னேன்.

சோணைமுத்துன்னா பூவந்தியில யாரக் கேட்டாலும் சொல்வாய்ங்க. கறிக்கோழி லோடு அடிக்கிறவன். விடியறதுக்குள்ள பண்ணையில கோழியப் பிடிச்சு ஏத்தி, ஊர் ஊரா எறக்கிட்டுப் போறது. பொழுதுக்கும் கோழி நாத்தமும் பாட்டுந்தான் எனக்கு. பாட்டுன்னா நம்ம நாட்டுப்புறப் பாட்டு. சினிமாப் பாட்ட என் வண்டிக்குள்ள ஏத்த மாட்டேன். இப்ப இந்த டிரைவரு ஒண்ணு போட்டுருக்கான் பாருங்க, இது பாட்டா? பல்லு வலிக்காரன் மொனகுற மாதிரி இருக்கு.

முத்தனேந்தல் வெள்ளத்தாயின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? சங்கிலி வெள்ளத்தாயி ஜோடின்னு கேசட்டு வந்துச்சே? இல்லையா? அண்ணே, நீங்க எந்த ஊரு? சரி விடுங்க. அந்த வெள்ளத்தாயிதான் இன்னைக்குக் கூண்டுல ஏறி எனக்கு எதிரா சாட்சி சொல்ல வந்தா. என் கேசு அவ ஒருத்தி வாயிலதான் நிக்குது. அடி விழுந்த மண்டபத்துல இருந்த சனம் பூராம் என் சொந்தக்காரங்க, ஒருத்தனும் வாயத் தெறக்கல. அவ கூட வாசிச்சவங்களும் வம்பு எதுக்குன்னு ஒதுங்கிட்டாய்ங்க. அடிபட்டவன் கண்ணுல ரத்தம் எறங்கி மொகத்தச் சரியாப் பாக்கலன்னுட்டான். மிச்சம் அவதான். இவருதான் அடிச்சாருன்னு கையக் காட்டுனா நான் உள்ள, தெரியலன்னா நான் வெளிய. என்ன சொன்னாங்கிறதச் சொல்றேன், வரிச்சியூர் தாண்டட்டும். மொதல்ல அவ பாட்டு எப்பேர்ப்பட்ட பாட்டுன்னு உங்களுக்குத் தெரியணும்ல?

மொதக் கேசட்டு பேரு கெடைக்காரி. வயக்காட்டுல ஆட்டுக்கெடை போடுற பொண்ணுக்கும் அவ மச்சானுக்கும் நடக்குற கதை, எட்டுப் பாட்டு. சிவகங்கை பஸ் ஸ்டாண்டுல கேட்டேன். பஸ்ஸ விட்டுட்டு நின்னு கேட்டேன்.

கெடை மாறிப் போனாலும் மச்சான்
ஒன் காலடி மண்ணு மாறாதே

அப்பிடின்னு அவ எடுப்பா. சங்கிலி உடனே,

மண்ணு மாறுனா என்னடி புள்ள
ஒன் மஞ்ச வாசம் மாறாதே

ன்னு குடுப்பான். குடுக்குறான்னா சும்மா குடுக்குறதில்லண்ணே, பொண்டாட்டிக்குப் புருசன் குடுக்குற மாதிரி குடுப்பான். கேட்ட ஒடனே தெரியும், இது நடிப்பு இல்லன்னு. கேசட்டு அட்டையில அவ தல அவந்தோள்ல சாஞ்சிருக்கும். அவ நெத்தியில குங்குமம், அவங்கழுத்துல மாலை. அதப் பாத்த எவனும் வேற மாதிரி நெனைக்க முடியாது.

எங்க ஊரு டீக்கடைக்காரன் அந்தக் கேசட்டப் போட்டுட்டு, ஏழாவது பாட்டு ஓடையில பாதியில நிறுத்தி மேட்ச்சு ஸ்கோரு கேக்க ரேடியோவப் போட்டான். நான் மரியாதையாத்தான் சொன்னேன், முடியட்டும்யான்னு. ஓசி டீக்கு வந்தவனுக்கு என்னப்பா பாட்டுன்னான். கையில இருந்த கிளாச அவன் மொகத்துல எறிஞ்சேன். டீ சூடா இருந்துச்சு. கன்னத்துல தோல் உரிஞ்சு வந்துருச்சு. இன்னைக்கும் அவனுக்கு அந்தப் பக்கம் தாடி மொளைக்காது. ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் அந்தக் கடையில எந்தப் பாட்டையும் பாதியில நிறுத்துறதில்ல.

மத்தவங்க பாட்டும் கேக்காம இல்ல. கேட்டுட்டுத்தான் சொல்றேன். கொட்டாம்பட்டி குருவம்மா நல்ல தொண்டை, ஆனா மூச்சுப் பத்தாது. வரி முடியிறதுக்குள்ள கெணத்துல விழுந்தவ மாதிரி இழுப்பா. நத்தம் சேவுகன் பாடுறது ஏலம் விடுற மாதிரி இருக்கும். எங்கூட லோடு ஏத்துற ஒருத்தன், சேவுகன்தாண்டா பெரிய ஆளுன்னு எங்கிட்டயே வாதாடுனான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன? கோழிக்கூண்டு மூடிக்குள்ள அவன் வெரல வச்சிருந்தான், நான் மூடியச் சாத்திட்டேன். வேணும்னு சாத்துனேன்னு சொன்னான். வேணும்னுதான் சாத்துனேன்.

இப்ப ரெண்டாவது கேசட்டுக்கு வாறேன். பொட்டல் மழை. அண்ணே, நீங்க சாகுறதுக்குள்ள ஒருவாட்டி இதக் கேட்டுருங்க. ஏ பக்கம் சுமார்தான், சாமி கும்பிடுறது, ஊர்ப் பெரும, அதெல்லாம் கேசட்டு கம்பெனிக்காரன் சொல்லிப் பாட வச்சது. பி பக்கத்துல ரெண்டு தெம்மாங்கு முடிஞ்சு மூணாவது பாட்டு வரும். அவ எடுத்து,

பொட்டக் காட்டுல மழ பேஞ்சா
பூமிக்குச் சந்தோசம்

ன்னு நிறுத்துவா. எல்லாம் நின்னுரும். தவில் நின்னுரும், பம்பை நின்னுரும், நாயனம் நின்னுரும். அந்த எடத்துல உறுமி மட்டும் தனியா ஒண்ணு பேசும் பாருங்க. உறுமின்னா தெரியும்ல? ஒரு பக்கம் குச்சியால தட்டுறது, இன்னொரு பக்கம் வளைஞ்ச குச்சியத் தோல்ல வச்சுத் தேய்க்கிறது. அந்தத் தேய்க்கிற கைதான் உறுமி. தட்டுறத எவன் வேணும்னாலும் தட்டுவான். அந்தக் கை தேய்க்கத் தேய்க்க, புள்ளையப் பறிகுடுத்தவ வாயப் பொத்திக்கிட்டு அழுகுற மாதிரி ஒரு சத்தம் வரும். நீளமா வரும். அது முடிஞ்சு, அதுக்கு மேலதான் அவ,

பொண்ணு மனசுல மழ பேஞ்சா
யாருக்குச் சந்தோசம்

னு எறங்குவா. எங்க அப்பன் செத்தன்னைக்கு எனக்குக் கண்ணுல தண்ணி வரல. அந்த உறுமிக்கு ஒவ்வொரு தடவையும் வரும். எத்தன நாளு லோடோட ரோட்டுலயே வண்டிய நிறுத்திருக்கேன் தெரியுமா? ஓட்டிக்கிட்டே அதக் கேக்கக் கூடாது, அது மரியாத இல்ல.

ஒருக்கா திருப்புவனம் பாலத்துல அப்பிடி நிறுத்திட்டேன். பின்னாடி மணல் லாரிக்காரன் ஆரனை அழுத்திக்கிட்டே இருக்கான். உறுமி கேக்கல, ஆரன்தான் கேக்குது. நான் எறங்கிப் போனேன். அவன் கதவத் தெறந்து இழுத்துக் கீழ போட்டு, டயருக்கு அண்ட குடுக்குற கட்டைய எடுத்து முட்டியிலயே நாலு போட்டேன். எதுக்கு அடிக்கிறன்னு கேட்டுக்கிட்டே இருந்தான் பாவம். சொன்னா வெளங்கவா போகுது? திரும்ப வந்து கேசட்ட ரீவைண்டு பண்ணி மொதல்ல இருந்து கேட்டேன்.

அந்தக் கேசட்டுல எனக்கு இன்னொரு சோலியும் நடந்துச்சு. வண்டிக்கு ஒண்ணு வச்சிட்டு, வீட்டுக்கு ஒரு நகல் எடுத்து வச்சிருந்தேன். எங்க வீட்ல, பஞ்சவர்ணம்னு பேரு, எங்க சின்னப்புள்ள மொத மொதல்ல அத்தைன்னு சொன்னதப் பிடிச்சு வைக்கணும்னு, வெறுங்கேசட்டுன்னு நெனச்சு அதுல பதிஞ்சுட்டா. எங்க? சரியா உறுமி எடத்துல. நான் சாயந்தரம் வந்து போடுறேன், வெள்ளத்தாயி எடுக்குறா, எல்லாம் நிக்குது, உறுமி வரணும், வந்தது அத்தே அத்தேன்னு. ஒரு அறைதாண்ணே. ஒண்ணே ஒண்ணு. காதுல பட்டுருச்சு, ஜவ்வு கிழிஞ்சிருச்சுன்னாரு டாக்டரு. இப்ப அவளுக்கு அந்தப் பக்கம் கேக்காது. சண்ட போட்டா பாதிதான் கேக்கும், ஒனக்கு லாபம்தானடின்னு நான் கேலி பண்ணுவேன். இப்ப அவ அம்மா வீட்ல இருக்கா. ஜெயிலுக்கு மனுப் போட்டுப் பாக்க இன்னும் வரல. வேலை இருக்கும்ல, புள்ளைய வேற பாக்கணும்.

என்னண்ணே தள்ளித் தள்ளி உக்காருறீங்க, விழுந்துராதீங்க. ஏட்டையா தூங்கலை, கண்ண மூடிருக்காரு, அம்புட்டுதான்.

மூணாவது கேசட்டு மதுரை பஸ்ஸு. பேரச் சொல்லவே எரிச்சலா வருது. கீபோர்டக் கொண்டாந்து வச்சுட்டாய்ங்க. கொசு கத்துற மாதிரி கீச்சு கீச்சுன்னு. உறுமிய எங்கயோ பக்கத்து ஊர்ல அடிக்கிற மாதிரி பின்னாடி தள்ளிட்டாய்ங்க. கூட்டமா வாங்குனாய்ங்க, அதுதான் கொடும. நான் நேரா கேசட்டு கம்பெனிக்கே போனேன். ரெண்டு ரூமு, மாடியில. உறுமிய ஏய்யா கொறச்சன்னு நாயமாக் கேட்டேன். மொதலாளி ஒரு கண்ணாடி போட்ட ஆளு. அவரு சிரிச்சுக்கிட்டே, இம்புட்டு உறுமி உறுமிங்கிறியே, அந்த உறுமிக்காரன் பேரு தெரியுமா ஒனக்குன்னு கேட்டாரு.

எவனா இருந்தா என்னய்யா, கேக்குறவனுக்குக் காதுதான வேணும்னேன். பேரத் தெரிஞ்சுக்கணும்னா நீ அட்டையில போட்டிருக்கணும். சங்கிலி பேரும் வெள்ளத்தாயி பேரும் கொட்டை எழுத்துல போட்ட, மிச்சம் எல்லாத்தையும் பக்கவாத்தியக் குழுவினர்னு ஒரே சொல்லுல முடிச்சிட்ட. இல்லையா? அதுக்கு அவரு, நாங்க போட்டாலும் நீங்க படிக்க மாட்டீங்கன்னாரு. அந்தக் கண்ணாடிய அவரு மூக்கோட சேத்து ஒடைச்சேன். போலீசு வந்துச்சு, எழுதி வாங்கிட்டு விட்டுட்டாய்ங்க. மொதமொதல்ல போலீசுகிட்ட மாட்டுனது அதுதான்.

சங்கிலியையும் வெள்ளத்தாயியையும் நேர்ல ஒருக்கா பாத்திருக்கேன், அதச் சொல்லணும். பொட்டல் மழை வந்த புதுசுல மானாமதுரைப் பக்கம் ஒரு பள்ளிக்கொடத்து மைதானத்துல மே தினத்துக்குப் பாட வந்தாய்ங்க. நான் மேடைக்கு ஒட்டி நின்னேன். மைக்குல பூராம் மச்சான் மச்சான்னு உருகுறா. ஒரு பாட்டு முடிஞ்சதும் மைக்க விலக்கிட்டு, அண்ணே, தண்ணி எடுன்னா. சங்கிலிதான் எடுத்துக் குடுத்தான். வேன் டிரைவரத்தான் அண்ணேன்னு கூப்பிடுறா, இவன் முந்திக்கிட்டான்னு நெனச்சேன். பொண்டாட்டி மேல அம்புட்டு அக்கறை. அவ புள்ள ஒண்ணு, ரெண்டு வயசிருக்கும், மேடைக்குப் பின்னாடி அழுதுச்சு. உறுமிக்காரன் வாத்தியத்த எறக்கி வச்சுட்டு அதத் தூக்கி மூக்கச் சிந்தி விட்டான். புள்ளையும் அவந்தோள்ல தூங்கிருச்சு. குழுவுல அம்புட்டு ஒத்துமை. நான் அன்னைக்குச் சங்கிலி கையப் பிடிச்சுக் கும்பிட்டுட்டு வந்தேன். அந்த உறுமிக்காரன் மொகத்தத் திரும்பிப் பாத்தனான்னா, இல்ல. கையத்தான் பாத்தேன்.

அதுக்கப்புறம் நாலாவது கேசட்டு வரவே இல்ல. சங்கிலி பிரிஞ்சு போயிட்டான்னு பேசிக்கிட்டாய்ங்க. ஒருத்தன், அவ வேற ஒருத்தனோட சேந்து பாடப் போறாளாம்டான்னான். எனக்கு நெஞ்சுல தீ வச்ச மாதிரி இருந்துச்சு. என் வீட்டுல நடந்த மாதிரி இருந்துச்சுண்ணே. வண்டியில அந்த அட்டைய ஒட்டி வச்சிருந்தேன். அவ தல அவந்தோள்ல. அதையே பாத்துக்கிட்டு சாப்புடாம ஓட்டுனேன்.

அந்தச் சமயத்துல என் பங்காளி ஒருத்தன் அவன் பிள்ளைகளுக்குக் காதணி விழா வச்சான். திருப்புவனத்துல பெரிய மண்டபம். வாசல்ல பிளக்ஸு, மொய் எழுத ரெண்டு மேசை, உள்ள கறிச்சோறு. உச்சிப் பொழுதுல மேடையில பாட்டுக் கச்சேரி. வெள்ளத்தாயி குழுன்னு சொன்னதும் நான் புதுச்சட்ட போட்டுட்டுப் போனேன். சத்தியமா சண்ட போடணும்னு போகல. அவளப் பாத்து ஒரு வார்த்தை, தாயி, சங்கிலியோட சேந்து பாடுங்கன்னு கும்பிட்டுக் கேக்கலாம்னுதான் போனேன்.

மேடையில பாத்தா, அவ நிக்கிறா. பக்கத்துல சங்கிலி இல்ல. கருத்து, ஒல்லியா ஒருத்தன், தோள்ல உறுமிய மாட்டிக்கிட்டு, அடிச்சுக்கிட்டே பாடுறான். தொண்டையும் பெரிய தொண்டை கெடையாது. கெடை மாறிப் போனாலும்னு அவ எடுக்குறா, இவன் குடுக்குறான், மண்ணு மாறுனா என்னடின்னு. சங்கிலி வரிய! சங்கிலி வாயில இருந்து எடுத்த வரிய! பந்தியில ஒரு பக்கம் கறி அள்ளிப் போடுறாய்ங்க, சனம் தின்னுக்கிட்டே தல ஆட்டுது. ஒருத்தனுக்கும் உறைக்கல. அவனுக்கு வேர்த்து ஊத்துது. அவ பாடிக்கிட்டே முந்தானைய எடுத்து அவன் நெத்தியத் தொடைச்சு விட்டா.

அதுதாண்ணே. தொடைச்சு விட்டா பாருங்க, அதுதான்.

நான் கீழ இருந்து, சங்கிலி எங்கடான்னு கத்துனேன். சிரிச்சாய்ங்க. அவன் மைக்குல சொல்றான், சங்கிலி வரலண்ணே, இனிமே நாந்தான், என்னையும் கொஞ்சம் கேளுங்கன்னு. சாதாரணமாச் சொன்னான். நான் மேடையில ஏறிட்டேன். மைக்கு ஸ்டாண்டு இரும்பு, அடியில வட்டமா கனமா இருக்கும். அதப் பிடுங்கி மொகத்துக்குத்தான் ஓங்குனேன். ஒண்ணு நெத்தியில விழுந்து பொளந்துருச்சு. அடுத்ததுக்கு அவன் கையக் குறுக்க குடுத்தான். உறுமிய விட்டுட்டு ஓடிருக்கலாம்ல? விடல. ஒரு கையால உறுமிய அணைச்சுக்கிட்டு, ஒரு கையத் தூக்குறான். நான் அந்தக் கையிலயே போட்டேன். விழுந்துட்டான். தரையில கெடந்த கையிலயும் போட்டேன். ஸ்டாண்டு மைக்கு தெறிச்சு அவம்பக்கத்துல கெடந்துச்சு, ஆப் பண்ணல. எலும்பு ஒடைஞ்ச சத்தம் மண்டபம் பூராம் ஸ்பீக்கர் பெட்டியில கேட்டுச்சுண்ணே. பந்தியில எலையில கைய வச்சவன் வச்சபடி நின்னுட்டான். காது குத்துன புள்ளைக அப்பத்தான் அழுக ஆரம்பிச்சுச்சுக. அவ கத்துனாளே, அதுவும் பெட்டியில கேட்டுச்சு. மச்சான்னு கத்துனா. பாட்டு ஞாபகத்துல கத்துறான்னு நெனச்சேன்.

எங்க பங்காளிக நாலு பேரு என்னையத் தூக்கிட்டுப் போயி சமையக்கட்டுல அடைச்சாய்ங்க. அங்கயே போலீசு வந்து பிடிச்சுச்சு.

எங்க வக்கீலு கேசுக்கட்டப் படிச்சிட்டு, ஏய்யா, அவன் அவ புருசன்யா, பேரு மொக்கராசுன்னாரு. சார், போலீசு அப்பிடித்தான் எழுதும், சேந்து சுத்துறவனப் புருசன்னு எழுதுனாத்தான் கேசு நிக்கும்னேன். அவரு கேசுக்கட்ட மூடி வச்சுட்டாரு. சரி, அந்தப் பொம்பள ஒன்னையக் கையக் காட்டாம இருந்தாப் போதும்னாரு. காட்ட மாட்டா சார்னேன். அவளுக்காக நான் அடிச்ச அடி எத்தன, சிந்துன ரத்தம் எத்தன. டீக்கடைக்காரன், லாரிக்காரன், கம்பெனிக்காரன். ஒரு பாட்டுக்காரிக்கு இப்பிடி ஒருத்தன் வாய்ப்பானா? பாத்த ஒடனே அவளுக்குத் தெரிஞ்சிரும், இவரு நம்மாளுன்னு. அந்த நெனப்புலதாண்ணே இத்தன நாளு களி தின்னேன்.

வரிச்சியூர் தாண்டிருச்சா? சரி, சொல்றேன்.

இன்னைக்குக் கூண்டுல ஏறுனா. பச்சச் சேல. மைக்கு இல்லாமப் பேசுனா அவ கொரலு ரொம்பச் சின்னது, ஜட்ஜு அய்யா சத்தமாச் சொல்லும்மான்னு ரெண்டு தரம் சொன்னாரு. கவர்மெண்டு வக்கீலு கேட்டாரு, அடிபட்டவரு ஒங்களுக்கு என்ன வேணும்னு. என் வீட்டுக்காரருங்கய்யா, கட்டிப் பத்து வருசமாச்சுன்னா. முன்னாடி ஒங்களோட பாடுன சங்கிலி யாருன்னாரு. என் கூடப் பொறந்த அண்ணனுங்கன்னா.

எனக்கு ஒண்ணும் ஓடல. அண்ணன்.

அவ சொல்லிக்கிட்டே போறா. கம்பெனிக்காரரு ஜோடின்னு போட்டாத்தான் விக்கும்னாரு, வயித்துப்பாட்டுக்கு ஒத்துக்கிட்டோம். அண்ணன் மக பெரிய மனுசியானதும், பள்ளிக்கொடத்துல ஒங்கப்பாவும் அத்தையும் ஜோடியாமேன்னு பிள்ளைக கேலி பண்ணிருக்குக. அண்ணன் கூசிப்போயி, இனிமே பாட மாட்டேன்னு திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டாரு. பொழப்பு நிக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு உறுமியோட பாட்டையும் சேத்துப் பாத்துக்கிட்டாரு. மொத ஜோடிக் கச்சேரி அந்தக் காதணி விழாதாங்கய்யான்னு சொல்லி முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டா.

அடிச்சது யாருன்னாரு. நிமுந்து என்னையப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. எனக்கு அப்பவும் ஒரு நம்பிக்கை. இவருதான்னா. முன்னப் பின்ன தெரியுமான்னாரு. அன்னைக்கு வரைக்கும் பாத்ததே இல்லைங்கய்யான்னா.

சரி, போகட்டும். அது கோர்ட்டு. அங்க அப்பிடித்தான் சொல்லச் சொல்வாய்ங்க. ஆனா வெளிய வராண்டாவுல உக்காந்திருக்கேன், ஏட்டையா வாரண்டுல கையெழுத்து வாங்கப் போக, இன்னொரு போலீசு என்னையப் பிடிச்சிருக்காரு. அவளா என்னத் தேடி வந்தா. போலீசு விலகும்மான்னாரு. ஒரே ஒரு வார்த்தைங்கய்யான்னா.

எதுக்குண்ணே அடிச்சீங்கன்னு கேட்டா. அண்ணேங்கிறா என்னைய.

ஒங்களுக்காகத்தாம்மான்னேன். ஒங்க பாட்டுக்காக. எல்லாக் கேசட்டும் எங்கிட்ட இருக்கு.

நாங்க ஒங்கள அடிக்கச் சொல்லலையேன்னா. கோவமே இல்லண்ணே அவ மொகத்துல, அதுதான் என்னமோ பண்ணுச்சு. அப்புறம் கேட்டா, எங்க பாட்டுல என்னண்ணே பிடிக்கும் ஒங்களுக்கு? எனக்கு அழுகை வந்துருச்சு. இதக் கேக்க மாட்டாளான்னுதான இத்தன வருசமா இருந்தேன். சொன்னேன். பொட்டல் மழை, பி பக்கம், மூணாவது பாட்டு, எல்லாம் நின்னதும் ஒரு உறுமி வருமே தாயி, அதுன்னேன். அதுக்கு எங்க அப்பன் சாவுக்கு வராத அழுகை வரும்னேன்.

அவ திரும்பி, இங்க வாங்கன்னு கூப்பிட்டா. வேப்ப மரத்தடியில நின்ன அந்தக் கருத்த ஆளு வந்தான். நெத்தியில தழும்பு. கைய வேட்டி மடிப்புக்குள்ள வச்சிருந்தான். அவ அந்தக் கைய எடுத்து என் முன்னாடி நீட்டுனா. மணிக்கட்டு கோணலா இருக்கு. வெரலு அஞ்சும் மடங்கல. அவ ஒவ்வொரு வெரலா மடக்கிப் பாக்குறா, விட்டா திரும்ப விரிஞ்சுக்குது. வளைஞ்ச குச்சி ஒண்ணு அதுல நிக்காது.

இந்தக் கைதாண்ணே அது, இனிமே அந்தப் பாட்டு இல்லன்னா. அவன் என்னையப் பாத்துட்டு, தெரியாமப் பண்ணிட்டாரு, வா போவோம்னு அவளக் கூட்டிட்டுப் போயிட்டான்.

அந்த வராண்டாவுலயே வாந்தி எடுத்தேன், திரும்பி வந்த ஏட்டையாவக் கேளுங்க. அந்தக் கைய நான் கோயிலு மாதிரி கும்பிட்டவன். அதத் தரையில போட்டு நசுக்கிருக்கேன். இப்பக் கண்ண மூடுனா உறுமி கேக்கல, பெட்டியில கேட்ட அந்த எலும்புச் சத்தந்தான் கேக்குது.

ஆனா நல்லா யோசிச்சுப் பாத்தேன், சிவகங்கையில இருந்து இம்புட்டுத் தூரம் யோசிச்சுக்கிட்டேதான் வாறேன். இதுல என் தப்பு என்ன இருக்கு? அவன் படத்தையும் அட்டையில போட்டிருந்தா நான் தொட்டிருப்பனா? அவங்காலக் கழுவிக் குடிச்சிருப்பேன். அவ என்ன பண்ணுவா, பொம்பள. மொக்கராசு என்ன பண்ணுவான், வாயில்லாப் பூச்சி. எல்லாத்துக்கும் மூலம் யாரு? சங்கிலி. கூடப் பொறந்தவளத் தோள்ல சாச்சுக்கிட்டு போட்டோவுக்கு நின்னது அவன். மஞ்ச வாசம் மாறாதேன்னு உருகி உருகி என்னைய நம்ப வச்சது அவன். அவன் கையையா நான் கும்பிட்டேன்! அந்தக் குடும்பத்தையே கெடுத்துட்டு, இப்ப கூசுதாம்ல அய்யாவுக்கு, கூசுதாம். பனியன் கம்பெனியில நிம்மதியா ஒக்காந்து தச்சுக்கிட்டு இருக்கானாம். அந்தக் கை ரெண்டும் நல்லாத்தான இருக்கும்?

எந்திரிக்காதீங்கண்ணே, மாட்டுத்தாவணி இன்னும் வரல. எனக்கு ஒரு வெவரம் மட்டும் சொல்லிட்டுப் போங்க. நான் உள்ள போயி நாளாச்சு, எதெது எங்க நிக்குதுன்னு தெரியல. எம்புட்டுத் தண்டன குடுத்தாலும் ஒரு நா விட்டுத்தான ஆகணும். திருப்பூர் பஸ்ஸு ஆரப்பாளையத்துலதான இன்னமும் எடுக்குறாய்ங்க?